மெஷின் வாங்கினால் போதுமா?

மதுரைக்கு வெளியே, பழைய பிளாஸ்டிக்கை வாங்கித் தரம் பிரித்து, கழுவி, அரைத்து விற்கும் பட்டறை என்னுடையது. அப்பாவின் காயலான் கடைக்குப் பின்கட்டில் தொடங்கிய தொழில். வீட்டுப் பிளாஸ்டிக்கைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் குழு ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டது. நிபுணர்கள் வேறு மாதிரி பதில் சொல்லக்கூடும். நான் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிறேன். "குடிக்கவே தண்ணீர் இல்லை, கவருக்குக் குளியல் ஒரு கேடா" என்கிறாள் மருமகள். குப்பை வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?
ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்

டீச்சர், உங்கள் மருமகள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. குழாயைத் திறந்துவைத்துக் கவர் கழுவ வேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முறை அலசி உதறி, கொடியில் ஒரு கிளிப் போட்டு மாட்டினால் போதும். கழுவாமல் சேர்த்தால் மூன்றாம் நாளே நாற்றமெடுக்கும், புழு வைக்கும். அந்த ஒரு கவர் மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும். ஈரமும் பிசுக்குமாக வரும் மூட்டைக்கு நாங்கள் எடையில் கழிவு பிடிப்போம். உங்களிடம் வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரரும் அதைத்தான் செய்வார்.

இன்னொன்று. கவரின் மூலையை வெட்டும்போது துண்டைத் தனியாகக் கத்தரித்து எறியாதீர்கள். ஓர் ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த முக்கோணத் துணுக்கை எந்தக் கையும் பொறுக்கி எடுக்காது. சாக்கடையில்தான் போய்ச் சேரும்.

பால் கவரை வண்டியில் போட வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக்குகளில் எங்கள் தொழிலில் மரியாதை உள்ளது அதுதான். ஒரே வகைப் பொருள், எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஏறத்தாழ ஒரே தரம். அரை லிட்டர் கவர் சுமார் 400 சேர்ந்தால் ஒரு கிலோ வரும். ஒரு வீட்டில் அது சேர மாதங்கள் ஆகும் என்பதால், உங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே மூட்டையாகப் போடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்குவார்.

எங்கள் ஒன்றியத்தில் கொட்டகை போட்டு பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். எங்கள் மகளிர் குழுவிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். "மெஷின் இலவசம், வருவதெல்லாம் உங்களுக்கு" என்கிறார் அதிகாரி. எடுத்து நடத்தலாமா அக்கா?
மகளிர் சுயஉதவிக் குழுச் செயலாளர், தேனி மாவட்டம்

எடுத்து நடத்தலாம் தங்கச்சி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இதை முழுக்கப் படித்துவிடு. குழுவில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

பணம் எங்கிருந்து வந்தது என்பது முதலில் தெரிய வேண்டும். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, இரண்டாம் கட்டத்தில், ஓர் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மையம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. கொட்டகை, அரவை மெஷின், பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டுப் போடும் மெஷின், தூசி தட்டும் மெஷின் எல்லாம் அதற்குள் அடக்கம். ஊர்களில் குப்பை சேகரிக்கும் வண்டி, தொட்டி போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு: 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை, அதைத் தாண்டினால் தலைக்கு 45 ரூபாய் வரை. (5,000 பேர் உள்ள ஊருக்கு மூன்று லட்சம். ஒரு குழந்தை கூடுதலாகப் பிறந்தால் இரண்டேகால் லட்சம். இந்தக் கணக்கைப் போட்டவரை ஒரு நாள் சந்தித்துக் காபி வாங்கிக் கொடுக்க எனக்கு ஆசை.)

இவையெல்லாம் வாங்கி வைப்பதற்கான பணம். நடத்துவதற்கான பணம் வேறு. அதிகாரி "இலவசம்" என்று சொன்னது முதல் வகையைத்தான்.

நடத்தும் செலவைப் போட்டுப் பார்ப்போம். என் எண்களை அழித்துவிட்டு உங்கள் ஊர் எண்களை எழுதிக்கொள். நான்கு பெண்கள், ஆளுக்கு நாள் கூலி 400, மாதம் 26 நாள் என்றால் 41,600 ரூபாய். மின்சாரம், பிளேடு சாணை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 15,000 என்று குறைத்தே வைக்கிறேன். மொத்தம் 56,600. விற்பதில் கிலோவுக்கு 12 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்தச் செலவைச் சரிக்கட்ட மட்டும் மாதம் 4,700 கிலோவுக்கு மேல் சுத்தமான சரக்கு வேண்டும். நாளொன்றுக்கு 180 கிலோ. அது முழுக்கப் பால் கவராக இருந்தால் 72,000 கவர். உங்கள் ஒன்றியத்தில் அத்தனை வருமா, வந்தாலும் தரம் பிரித்து வருமா என்பதை ஊரில் குப்பை எடுக்கும் தூய்மைக் காவலர்களிடம் கேள். அதிகாரியை விட அவர்களுக்குத்தான் அது தெரியும்.

அடுத்தது வண்டி. சின்ன யானை என்கிறோமே, டாட்டா ஏஸ், அது முக்கால் டன் வரை சுமக்கும். பாட்டில்களை அப்படியே அள்ளிப் போட்டால் நூறு, நூற்றைம்பது கிலோவிலேயே குவியல் கூரை தொட்டுவிடும். மீதி எல்லாம் காற்று. வாடகை மட்டும் முழு வாடகை. ஏற்றுகூலி, இறக்குகூலி தனி. தேனியிலிருந்து என் பட்டறைக்குக் காற்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "விலை கட்டவில்லையே அக்கா" என்று சொல்பவர்கள் உண்டு.

அதனால் உன் கொட்டகையில் முதலில் ஓட வேண்டியது கட்டுப் போடும் மெஷின். அரவை மெஷின் அதற்கு அப்புறம். இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை மெஷின் விற்க வருபவர் சொல்ல மாட்டார். அரைத்த சரக்கை என்னைப் போன்றவர்கள் யோசித்துத்தான் வாங்குவோம். முழுப் பாட்டிலாக, முழு டப்பாவாக இருந்தால் எது எந்த வகை என்று பார்த்தால் தெரியும். பொடியாக்கிவிட்டால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பத்து வகை கலந்த பொடிக்கு, ஜல்லியில் பிளாஸ்டிக் சேர்த்துச் சாலை போடுகிறவர்தான் வாடிக்கையாளர். அவரும் சாலை போடும் மாதங்களில் மட்டும்தான் வருவார்.

அரைக்கத்தான் வேண்டுமென்றால், தூசி தட்டாமல் ஒரு பிடி கூட உள்ளே போடாதே. தெருவில் கிடந்த கவரில் மணல் ஒட்டியிருக்கும். மணல் பட்டால் பிளேடு முனை மழுங்கும். மழுங்கிய பிளேடு கவரை வெட்டாது, சுருட்டி இழுத்து அச்சில் சுற்றிக்கொள்ளும். அப்போது மெஷினை நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஓடும் மெஷினில் கையை விடக் கூடாது என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் சுவரில் எழுதிவிடு.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது இவை. மின்கட்டணம் யார் கட்டுவது? 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்த பிறகு, மெஷின் ஓடாத மாதத்தில் வரும் நிலைக்கட்டணமே சிறு பட்டறைகளை வதைக்கிறது. ஊர்களிலிருந்து கொட்டகைக்கு வரும் வண்டிக்கு யார் பொறுப்பு? பிளேடு மாற்றும் செலவு யாருடையது? ஒன்றியம் போடும் சாலைகளுக்கு உங்கள் பொடியைத்தான் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் தருவார்களா? விற்பனைப் பணம் கூலிக்குப் போதாத மாதத்தில் மீதியை யார் போடுவது? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடு. ஊரைச் சுத்தமாக வைப்பது ஊராட்சியின் வேலை. அதற்கான பற்றாக்குறையை நான்கு பெண்களின் கூலியில் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

எழுதித் தருகிறார்கள் என்றால் தாராளமாக எடு. கட்டுப் போட்டதும் எனக்குச் சொல்.

பாட்டிலின் மூடியைக் கழற்றிவிட்டுப் போட வேண்டுமா, மூடியோடு போட வேண்டுமா? அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?
கல்லூரி மாணவர், திருச்சி

மூடியைப் பற்றிக் கவலை வேண்டாம் தம்பி. பாட்டிலைக் காலி செய்து, மிதித்துச் சப்பையாக்கி, மூடியைத் திருகிப் போடு. நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். பாட்டில் துணுக்கு மூழ்கும், மூடித் துணுக்கு மிதக்கும். பாட்டில் பெட் பிளாஸ்டிக், தண்ணீரை விடக் கனம். மூடி எச்.டி.பி.இ. அல்லது பாலிபுரோப்பிலீன், தண்ணீரை விட லேசு. மேலே மிதப்பதை வழித்து எடுத்தால் வேலை முடிந்தது.

எங்களை வதைப்பது மூடி அல்ல, பாட்டில் முழுக்கச் சட்டை மாதிரி சுருங்கிப் பிடித்திருக்கும் உறை. சில உறைகள் பி.வி.சி. அதுவும் தண்ணீரில் மூழ்கும், பாட்டிலோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. தாங்காது, சிதைந்து அமிலப் புகை விடும், சரக்கு முழுவதும் பழுப்பேறிவிடும். பளபளவென்று உறை மாட்டிய பாட்டில் வாங்கினால் அந்தச் சட்டையைக் கிழித்துவிட்டுப் போடு. மூடிக்காகச் செலவழிக்க நினைத்த நேரத்தை அதற்குச் செலவிடு.

எண்: 1 பெட், 2 எச்.டி.பி.இ., 3 பி.வி.சி., 4 எல்.டி.பி.இ., 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரின், 7 மற்றவை. எண் இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்று பொருள் இல்லை. வகையைச் சொல்கிறது, அவ்வளவுதான். 1, 2, 5 எங்கே போனாலும் விலை போகும். 4 சுத்தமாக இருந்தால் போகும். 7 வந்தால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

எங்கள் பட்டறையில் தரம் பிரிக்கும் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருக்கு எண் தேவையில்லை, எழுத்தும் தெரியாது. பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். நடுவில் ஒரு சிறு புள்ளி இருந்தால் பெட். அடி முழுக்க ஒரு கோடாகத் தையல் ஓடினால் வேறு வகை, வேறு கூடை. சந்தேகமானால் ஓர் ஓரத்தை நகத்தால் மடித்துப் பார்ப்பார். மடித்த இடம் வெள்ளையாக வெளுக்கிறதா, படக்கென்று உடைகிறதா, ஒன்றும் ஆகாமல் நிமிர்கிறதா என்று பார்த்து வீசுவார். டீக்கடை ஸ்பூன், தயிர் கப் போன்றவற்றைத் தரையில் தட்டினாலே போதும், பாலிஸ்டைரின் தகரம் மாதிரி ஒலிக்கும். அவர் வீசுகிற வேகத்தில் நான் குனிந்து பார்த்துச் சரிபார்க்க முடியாது. இத்தனை வருடமாகச் சரிபார்க்கவும் இல்லை.

பழைய பேப்பர்காரர் பிஸ்கட் கவர், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எதையும் வாங்க மறுக்கிறார். "ரோடு போட உதவும்" என்று செய்தியில் படித்தேன். அப்படியானால் ஏன் வாங்கவில்லை?
இல்லத்தரசி, காரைக்குடி

சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்பக்கம் பாருங்கள் அம்மா. வெள்ளி மாதிரி மின்னும். வெளியே ஒரு பிளாஸ்டிக், நடுவில் அலுமினியப் பூச்சு, உள்ளே இன்னொரு பிளாஸ்டிக். மூன்றும் ஒட்டிய பிறகு பிரிப்பது எங்களால் ஆகாத காரியம். அரைத்து உருக்கினாலும் புதுப் பொருள் வார்க்க ஒழுங்கான குருணை வராது. அதனால் அதற்கு விலை இல்லை. விலை இல்லாததைக் குனிந்து எடுக்கும் ஆள் இல்லை. தெருவில் பாட்டில் ஒன்று கிடந்தால் ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும். சாஷே ஐந்து வருடம் அங்கேயே கிடக்கும்.

ரோடு விஷயம் உண்மை. எங்கள் மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கல் ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன் மேல் பொடியாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் உருகி ஜல்லிக்கு மேல் தோல் மாதிரி படியும். அதன் மேல் தார் ஊற்றினால் பிடிப்பு அதிகம், தண்ணீர் இறங்காது. ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டன் தார் பிடிக்கும் இடத்தில் ஒன்பது டன் தாரும் ஒரு டன் பிளாஸ்டிக்கும் போதும். பி.வி.சி. மட்டும் ஒரு துணுக்கும் சேரக் கூடாது.

ஒரு டன் என்பது எத்தனை சாஷே என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையையும் தெருத்தெருவாகப் பொறுக்கி, மணல் நீக்கி, உலர்த்தி, பொடியாக்கித் தருகிற கூலியைச் சாலை ஒப்பந்தக்காரர் கொடுப்பாரா? தாரில் மிச்சமாகும் ஒரு டன்னின் விலைக்குள் அடங்கினால்தான் கொடுப்பார். முறை நல்ல முறை. இடையில் உள்ள அந்தக் கூலியைத்தான் யாரும் பேசுவதில்லை.

இன்னொரு வழி சிமென்ட் ஆலை. அரியலூர் பக்கம் சூளைகளில் 1,400 டிகிரிக்கு மேல் எரிகிறது. நிலக்கரியோடு இந்தக் கவர்களையும் போட்டு எரிக்கிறார்கள். மறுசுழற்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஊர்க்கோடியில் குப்பைமேட்டில் கொளுத்துவதற்கு இது எவ்வளவோ மேல். குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் மையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதம் அதிலிருந்து எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. லாரி வாடகை பெரும்பாலும் நகராட்சி தலையில்தான் விழும்.

காரைக்குடியில் உலர் குப்பையைத் தனியாக எடுக்கிறார்கள் என்றால் அதில் போடுங்கள். துடைத்து, காயவைத்து, ஒரு பெரிய கவருக்குள் திணித்துக் கட்டிப் போடுங்கள். உதிரியாகப் போட்டால் காற்றில் பறந்துவிடும்.

மாதாமாதம் குப்பைக் கட்டணம் வாங்குகிறார்கள். குப்பையில் பணம் இருக்கிறது என்கிறீர்கள். பிளாஸ்டிக்கை விற்றே செலவைச் சரிக்கட்டலாமே?
வியாபாரி, திருநெல்வேலி

உங்கள் கடை அட்டைப்பெட்டி எங்கே போகிறது ஐயா? நீங்களே விற்றுவிடுகிறீர்கள். உடைந்த நாற்காலி, வாட்டர் கேன், எண்ணெய் டின் எல்லாம் வீட்டு வாசலிலேயே பழைய பேப்பர்காரருக்குப் போய்விடுகின்றன. வெண்ணெயை நாம் எடுத்துக்கொண்டு மோரைத்தான் மாநகராட்சிக்குக் கொடுக்கிறோம். அந்த மோரில் டயப்பரும் சாஷேயும் சாம்பார் பொட்டலமும் மிதக்கின்றன. அதிலும் பொறுக்கி விற்கக் கிடைக்கும் கொஞ்சம் காசு பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்களுக்கே போகிறது. அது சரியும்கூட. கட்டணத்தைக் கட்டுங்கள். கட்டிவிட்டு வண்டி தினமும் வருகிறதா என்று சண்டை போடுங்கள், அதற்கு நானும் வருகிறேன்.

மாமியார் தினமும் எண்ணெய்க் கவரையும் பழைய செருப்பையும் போட்டுத்தான் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கிறார். சொன்னால் கேட்பதில்லை. உங்கள் பதிலைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

அம்மா, இதை மாமியாரிடம் கொடுங்கள்.

பெரியம்மா, எண்ணெய்க் கவர் நன்றாக எரியும் என்பது எனக்கும் தெரியும். அதை எரிக்கத் தூண்டுவதே அந்த எண்ணெய்தான். செருப்பில், ஒயர் உறையில், ரெக்ஸினில் பி.வி.சி. இருக்கும். அது அரைகுறைச் சூட்டில் எரியும்போது டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் சரியாகத் தெரியாது. அது புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிறீர்களா, இல்லை வாழைக்கு அடியில் போடுகிறீர்களா? இரண்டையும் நிறுத்துங்கள். நாகர்கோவிலில் இல்லாத தென்னம்பாளையும் கொதும்புமா?

வேலையை விட்டுவிட்டு பெட் பாட்டில் மறுசுழற்சி ஆலை தொடங்க நினைக்கிறேன். மெஷின் விற்பவர்கள் ஒரு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். எதில் தொடங்குவது?
இளைஞர், பொள்ளாச்சி

வேலையை விடாமல் தொடங்கு தம்பி.

மெஷின் விற்பவரின் காகிதத்தில் மூன்று விஷயம் இருக்காது. ஒன்று, சரக்கு. அரைக்கும் திறன் மணிக்கு இத்தனை கிலோ என்று போட்டிருப்பார். அந்தக் கிலோ எங்கிருந்து வரும்? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாற்பது, ஐம்பது சேர்ந்தால்தான் ஒரு கிலோ. மெஷின் எட்டு மணி நேரம் ஓட உனக்குக் கீழே எத்தனை காயலான் கடை, அவர்களுக்குக் கீழே எத்தனை பொறுக்குகிறவர்கள் வேண்டும்! அவர்கள் ஏற்கெனவே வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பணம் வாங்கிய கடன் உறவு அது. உன் புது மெஷினைப் பார்த்து மாறிவிட மாட்டார்கள்.

இரண்டு, விலை. எங்கள் சரக்கின் விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகும். மலிவானால் பழையதை யார் கேட்பார்? 2020-இல் கொரோனா வந்தபோது எண்ணெய் விலை கண்ட வீழ்ச்சியை என் கிடங்கு நினைவில் வைத்திருக்கிறது. வரியும் உண்டு. 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். சாக்கில் கட்டிக்கொண்டு வரும் சிறு வியாபாரியிடம் பில் இருக்காது. பில் இல்லாததை வாங்கி, பில் போட்டு விற்கும் இடத்தில் நீ நிற்பாய்.

மூன்று, தண்ணீர். லேபிள் பசை போகக் காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் கழுவ வேண்டும். அந்தக் கழுவுநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருவதற்கு முன் பக்கத்துத் தோப்புக்காரர் வந்துவிடுவார். வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை, இரண்டும் வாங்கியாக வேண்டும்.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும் அல்லவா? 2022 முதல், பிளாஸ்டிக்கில் பொருளை அடைத்து விற்கும் நிறுவனங்கள் தங்களுக்கு விதித்த அளவு கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகச் சான்று காட்ட வேண்டும். கெட்டியான பாட்டில், டப்பா வகைகளில் 2025-26 முதல் 30 சதவீதம் பழைய பிளாஸ்டிக்கைக் கலக்க வேண்டும் என்றும், அதை ஆண்டுக்கு 10 சதவீதமாக உயர்த்தி 2028-29-இல் 60 ஆக்க வேண்டும் என்றும் விதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளர் அந்த மறுசுழற்சிச் சான்றை நிறுவனங்களுக்கு விற்கலாம். பதிவு இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. வெயிலில் பொறுக்குகிறவருக்கும் அதில் பங்கு இல்லை என்பது என் நெடுநாள் கோபம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொட்டகை பிடித்து, தரம் பிரித்து, கட்டுப் போட்டு மட்டும் விற்றுப் பார். ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி, ஒரு விலைச்சரிவு, மூன்றையும் கடந்துவிட்டு மெஷின் விலை கேள். கொட்டகையில் பீடி பிடிக்க யாரையும் விடாதே. காப்பீட்டுக்காரர் பிளாஸ்டிக் கிடங்கு என்றதும் எழுந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

கடையில் "மக்கும் பை" என்று தருகிறார்கள். அதையும் பால் கவரோடு சேர்த்துப் போடலாமா?
வாசகர், ஈரோடு

வேண்டவே வேண்டாம். அது எங்கள் சரக்கோடு கலந்தால் குருணை பலம் இழந்துவிடும். உங்கள் பூந்தொட்டியில் போட்டாலும் எளிதில் மக்காது, பெரிய உரக்குவியலின் சூடு வேண்டும். எந்தத் தடிமனாக இருந்தாலும் சாதாரணப் பிளாஸ்டிக் பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் பச்சை எழுத்தில் "மக்கும்" என்று அச்சடித்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பையில் சான்று எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மஞ்சப்பையை நீட்டுங்கள்.

நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் பாட்டில் சிதறுவது குறைந்திருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இப்படிச் செய்தால் என்ன?
ஓய்வுபெற்ற வனத்துறை ஊழியர், கூடலூர்

செய்ய வேண்டும் ஐயா. 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டதால் நீலகிரியில் தொடங்கிய திட்டம் அது. யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்பதற்காக வந்தது. பத்து ரூபாய் வைத்ததும் எறிந்தவனே திரும்பி வந்து பொறுக்குகிறான், அவன் எறிந்தால் இன்னொருவன் பொறுக்குகிறான்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் வைத்தாலே போதும் என்பது என் கணக்கு. கிலோவுக்கு நாற்பது, ஐம்பது பாட்டில் என்றால் எண்பது, நூறு ரூபாய் ஆகிறது. எடைக்குப் போட்டால் ஒரு பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கூடத் தேறாது. பொறுக்குகிறவருக்கு அது பல மடங்கு கூலி.

இடிக்கும் இடம் கடைக்காரர். டாஸ்மாக் ஒரே நிர்வாகம், கடைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. தண்ணீர் பாட்டில் விற்பது பெட்டிக்கடை முதல் பஸ் நிலையம் வரை. ஆறடிக்கு நாலடிப் பெட்டிக்கடையில் காலி பாட்டிலை எங்கே குவிப்பது? யார் எண்ணுவது? நடுவில் வண்டி வரவில்லை என்றால்? முதலில் எதிர்ப்பவர் அவராகத்தான் இருப்பார், அவர் கேட்பதும் நியாயம். பாட்டிலுக்கு இருபத்தைந்து காசோ ஐம்பது காசோ கையாளும் கூலியாக அவருக்கும் ஒதுக்க வேண்டும், வாரம் இருமுறை வண்டி வந்து அள்ள வேண்டும். அந்த வண்டிக்கான பணத்தைத் தண்ணீர் கம்பெனிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். கூடலூரில் ஒரே ஒரு பஸ் நிலையத்தில் தொடங்கிப் பார்க்கலாம். உங்கள் வணிகர் சங்கத்தில் யாராவது பேசத் தயார் என்றால், கட்டுப் போட்ட பாட்டிலை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று நான் எழுத்தில் தருகிறேன்.